ஒரகடம் வட்டாரத்தில் வரி: மாறிய விதிகளும் செய்ய வேண்டிய ஏற்பாடுகளும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் வரி என்றால் பெரிய ஆலைகளின் வரிதான் முதலில் நினைவுக்கு வரும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய், 2010-இல் ஒரகடத்துக்கு வந்த ரெனோ–நிசான், 2012-இல் லாரி உற்பத்தியைத் தொடங்கிய டைம்லர், வல்லம்–வடகாலில் ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் என்று பட்டியல் நீளும். அந்த நிறுவனங்களின் வரிக் கணக்கைப் பார்க்க உள்ளேயே தனித்துறைகள் உண்டு. ஆலை மதிலுக்கு வெளியே இருப்பவர்களின் நிலை வேறு. இரண்டு சி.என்.சி. இயந்திரம் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்காரர், ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் வேன் உரிமையாளர், லேபர் கான்ட்ராக்டர், வயலை விற்ற பணத்தில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்ட குடும்பம், அந்த ரூமில் தங்கி ஆலைக்குப் போய்வரும் ஆபரேட்டர் ஆகியோர்தான் இங்கே எண்ணிக்கையில் மிகுதி. 2024-க்கும் 2026-க்கும் இடையில் வருமான வரியிலும் ஜி.எஸ்.டி.யிலும் வந்த மாற்றங்கள் இவர்களை ஒரே மாதிரி தொடவில்லை. பெரும்பாலோர் கட்ட வேண்டிய தொகை குறைந்திருக்கிறது; தேதி தவறினால் விழும் அடி கூடியிருக்கிறது.

முதலில் சட்டம். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம் 2025 இயற்றப்பட்டு, 2025 ஆகஸ்ட் 21 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2026 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. 536 பிரிவுகள், 16 அட்டவணைகள். ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்று இரண்டு ஆண்டுகளைச் சொல்லிக் குழப்பிய வழக்கம் போய், ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல் வந்திருக்கிறது. முன்பு 194சி, 194ஐ என்று சிதறிக் கிடந்த டி.டி.எஸ். (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வரி) பிரிவுகளில் சம்பளம் தவிர்த்தவை 393 என்ற ஒரே பிரிவில் அட்டவணையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. வரி விகிதங்களைப் புதிய சட்டம் மாற்றவில்லை. ஆனால் 2026-இல் இரண்டு சட்டங்களும் ஒரே மேசையில் கிடக்கும். 2025–26 நிதியாண்டின் வருமானத்துக்கு 2026 ஜூலையில் தாக்கல் செய்யும் ரிட்டர்ன் பழைய சட்டத்தின்படி. அதே மாதம் வாடகையிலோ கான்ட்ராக்ட் தொகையிலோ பிடித்துக் கட்டும் டி.டி.எஸ். புதிய சட்டத்தின்படி. பழைய பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கர்களுக்கு இந்த ஓராண்டு கவனம் தேவைப்படும் காலம்.

சம்பளக்காரர்களுக்கு வந்த மாற்றம் எளிது, பெரிதும்கூட. 2023–24 முதல் புதிய வரிமுறையே இயல்பான முறை. பழைய முறை வேண்டுமென்றால் கேட்டுப் பெற வேண்டும். 2025–26 முதல் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 8 லட்சம் வரை 5, 12 லட்சம் வரை 10, 16 லட்சம் வரை 15, 20 லட்சம் வரை 20, 24 லட்சம் வரை 25, அதற்கு மேல் 30 விழுக்காடு. வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைப்பதால் கட்ட வேண்டியது பூஜ்யமாகிறது. சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு என்பதால் 12.75 லட்சம் சம்பளம் வரை வரி இல்லை. அதைச் சற்றே தாண்டியவர் பயப்பட வேண்டியதில்லை. ஆண்டுச் சம்பளம் 12,85,000 ரூபாய் என்றால் கழிவு போக 12,10,000. சாதாரணக் கணக்கில் வரி 61,500 வரும். ஆனால் 12 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையான 10,000-ஐ விட வரி மிகக் கூடாது என்ற நிவாரணம் இருப்பதால் 10,000 ரூபாயும் அதன் மேல் 4 விழுக்காடு செஸ்ஸும், ஆக 10,400 ரூபாய் கட்டினால் போதும். பங்கு விற்ற லாபம்போல் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி செல்லாது.

பழைய முறையில் வாடகைப்படி, 80சி முதலிய சலுகைகள் உண்டு. இந்த வட்டாரத்தில் பலர் இடறும் இடம் வாடகைப்படிதான். சென்னையில் குடியிருப்பவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 விழுக்காடு வரை கணக்கில் எடுக்கலாம். ஸ்ரீபெரும்புதூரிலோ சுங்குவார்சத்திரத்திலோ குடியிருந்தால் 40 விழுக்காடுதான். வேலை எங்கே என்பதை விதி பார்ப்பதில்லை, குடியிருக்கும் ஊரைத்தான் பார்க்கிறது. ஆலைத் தொழிலாளர் பெரும்பாலோருக்கு இன்று புதிய முறையே லாபம். பெரிய வீட்டுக் கடன் வட்டியும் பெரிய வாடகையும் உள்ளவர்கள் மட்டும் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

வரி இல்லை என்பதால் ரிட்டர்னும் வேண்டாம் என்று எண்ணுவது இந்த வட்டாரத்தில் பரவலாகக் காணும் தவறு. புதிய முறையில் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் கட்டாயம். தள்ளுபடி அதற்குப் பிறகுதான் வருகிறது. தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய். ஆண்டின் நடுவில் கம்பெனி மாறுபவர்கள் இங்கே ஏராளம். இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே 4 லட்ச விலக்கையும் 75,000 கழிவையும் கொடுத்துப் பிடித்தம் செய்திருக்கும். இரண்டு படிவம் 16-ஐயும் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.ஸோடு ஒப்பிடாமல் ஒன்றை மட்டும் வைத்துத் தாக்கல் செய்தால் பின்னால் நோட்டீஸ் வரும். முந்தைய சம்பளத்தைப் புதிய நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று விழுக்காட்டுக் கமிஷனுக்கு அலையும் இடைத்தரகர்கள் இதைவிட ஆபத்தானவர்கள். கட்டாத பிரீமியம், கொடுக்காத அரசியல் நன்கொடை, இல்லாத மருத்துவச் செலவு என்று எழுதிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150-க்கும் மேற்பட்ட இடங்களில் இதற்காகவே சோதனை நடத்தியது. சந்தேகத்துக்குரிய போக்கு தென்பட்ட மாநிலங்களில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாமாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கோரிக்கைகளை விலக்கிக்கொண்டதாகத் துறை அறிவித்தது. பொய்யாகக் குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான அபராதம், வரியின் இரண்டு மடங்கு. கமிஷன் தரகருக்குப் போகும்; அபராதம் கையெழுத்துப் போட்ட தொழிலாளியின் தலையில் விழும். தவறு நடந்துவிட்டிருந்தால் 48 மாதம் வரை புதுப்பித்த ரிட்டர்ன் தர வழி உண்டு. கூடுதல் வரி 25 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதால் முந்திக்கொள்வதே நல்லது.

சம்பளச் சீட்டில் ஆண்டுக்கு இரு முறை தொழில் வரி என்ற வரியும் தெரியும். அது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகளுக்குப் போவது. அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பட்டறையும் கடையும் நடத்துபவர்களும் இதைக் கட்டக் கடமைப்பட்டவர்கள்.

வாடகை வருமானம் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒன்றாகிவிட்டது. பத்து ரூம், ரூமுக்கு மாதம் 4,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 4,80,000. இதில் கட்டிய வீட்டுவரியையும், மீதியில் 30 விழுக்காட்டையும் கழிக்கலாம். பராமரிப்புக்கு ரசீது எதுவும் காட்டத் தேவையில்லை. கழித்தால் 3,36,000-க்கும் கீழே வரும். வேறு வருமானம் இல்லாத முதியவருக்கு இதில் வரி ஏதும் இல்லை. குடியிருப்புக்காகத் தனிநபருக்கு விடும் வாடகைக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஆள் கணக்கில் படுக்கை விடும் விடுதிகளுக்கு 2024 ஜூலை 15 முதல் தெளிவான விதி வந்தது: ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி விலக்கு. வாரக் கணக்கில் ஆள் மாறும் இடங்களுக்கு இது பொருந்தாது. வீட்டையே ஒரு பதிவு பெற்ற நிறுவனம் எடுத்துக்கொண்டால் வரியை அந்த நிறுவனம் நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் மீது பொறுப்பில்லை. வாடகையில் டி.டி.எஸ். பிடிக்கும் வரம்பு 2025 ஏப்ரல் முதல் மாதம் 50,000 ரூபாயாக உயர்ந்தது சிறு வீட்டுக்காரர்களுக்குப் பெரிய ஆறுதல்.

நிலம் விற்றவர்களுக்கு 2024 ஜூலை 23 முக்கியமான நாள். அதற்கு முன் வாங்கிய மனையை இப்போது விற்கும் தனிநபர், விலைவாசிக் குறியீட்டுடன் 20 விழுக்காடு, குறியீடின்றி 12.5 விழுக்காடு என்ற இரண்டில் குறைந்ததைக் கட்டலாம். கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரியே இல்லை. எது கிராமப்புறம் என்பதை நகராட்சி எல்லையிலிருந்து உள்ள தூரமும் அந்த ஊரின் மக்கள்தொகையும் முடிவு செய்யும்: பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் பேர் வரை என்றால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. சாலைத் தூரம் கணக்கில்லை, நேர்க்கோட்டுத் தூரம்தான். ஊர்கள் வேகமாகப் பெருகும் இடத்தில் பத்து ஆண்டுக்கு முன் அண்ணன் வரி கட்டவில்லை என்பதை வைத்துத் தம்பி முடிவெடுக்கக் கூடாது. விற்கும் நாளில் எல்லை எங்கே இருக்கிறது என்பதற்குத் தாசில்தார் சான்று வாங்கி வைப்பது அறிவுடைமை.

இனி ஜாப் ஒர்க். இந்த வட்டாரத்தின் சிறுதொழில் என்பதே பெரும்பாலும் இதுதான். பெரிய கம்பெனிக்குப் பாகம் கொடுக்கும் கம்பெனி, அதற்குப் பாகம் கொடுக்கும் கம்பெனி என்று மூன்றாம் படியில் இருக்கும் பட்டறைக்கு, கச்சாப் பொருள் டெலிவரி சலானில் வரும். கடைசல் போட்டு, துளையிட்டு, தேய்த்துத் திருப்பி அனுப்பினால் கூலிக்கு மட்டும் பில். 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56-ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவுப்படி செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்ற இரண்டில் அடங்கின. சில பொருள்களுக்கு மட்டும் 40. வாகன உதிரிபாகம் அனைத்தும் 18. சிறிய கார்களும் லாரிகளும் 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிள்களும் 28-லிருந்து 18-க்கு இறங்கின. அதே நாளில் 12 விழுக்காட்டில் இருந்த பொதுவான ஜாப் ஒர்க் கூலி 18-க்கு ஏறியது. வண்டி விலை குறைந்த செய்தி பத்திரிகைகளில் முதல் பக்கம் பிடித்தது. கூலிக்கான வரி ஏறியது பட்டறைக்காரர்களின் பில் புத்தகத்தில்தான் தெரிந்தது.

இதில் நட்டமா என்றால், கணக்கில் இல்லை. வாங்குபவர் முழு வரியையும் இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார். டூல், இன்சர்ட், கட்டிங் ஆயில் எல்லாவற்றுக்கும் 18 கட்டிவிட்டு 12 வசூலித்த பழைய ஏற்றத்தாழ்வும் தீர்ந்தது. பாதிப்பு பணப்புழக்கத்தில். ஒரு பட்டறை நவம்பரில் 5 லட்சம் ரூபாய்க்குக் கூலி பில் போடுகிறது என்று கொள்வோம். முன்பு வரி 60,000, இப்போது 90,000. மாதாமாதம் தாக்கல் செய்பவர் டிசம்பர் 20-க்குள் அதைக் கட்டியாக வேண்டும். கம்பெனி பணம் தருவது ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. வராத பணத்துக்கு வரி கட்ட, கையிலிருந்து போட வேண்டிய தொகை மாதத்துக்கு 30,000 கூடிவிட்டது. ஓவர்டிராஃப்ட்டில் ஓடும் பட்டறைக்கு இது வட்டியாக மாறும். பழைய வேலைக்குத் தாமதமாகப் பில் போட்டவர்களுக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. ஆகஸ்டில் வேலையை முடித்து அனுப்பியிருந்தாலும், பில்லும் பணமும் செப்டம்பர் 22-க்குப் பின் வந்திருந்தால் புதிய விகிதமே பொருந்தும்.

பணம் வரும் தேதியை முன்னுக்கு இழுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. சிறு, குறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்குபவர் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. இதற்கு வருமான வரியில் பல் முளைத்தது 1961 சட்டத்தின் 43பி(எச்) பிரிவு மூலம்: 2023–24 நிதியாண்டு முதல், அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை வாங்குபவர் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது; கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவன வரம்பு 10 கோடி விற்றுவரவு வரையும், சிறு நிறுவன வரம்பு 100 கோடி வரையும் உயர்ந்ததால் இந்த வட்டாரத்தின் பட்டறைகள் ஏறக்குறைய எல்லாமே பாதுகாப்புக்குள் வந்துவிட்டன. வெறும் வணிகர்களுக்கு இது கிடையாது. சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இல்லாதவர்களுக்கும் கிடையாது. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டும் கேட்கத் தயங்குகிறவர்களே மிகுதி. அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. வட்டி கேட்டு வழக்குப் போடாமல், பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சடிப்பதும், பிப்ரவரி கடைசியில் நிலுவைப் பட்டியலை வாங்குபவரின் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவதும் உறவைக் கெடுக்காது. மார்ச் முடிவில் அந்தத் தொகை அவர்களுடைய வரியைத்தான் கூட்டும். இதே விதி பட்டறைக்காரரையும் கட்டும் என்பதையும் மறக்கக் கூடாது: அவர் பிளேட்டிங் கடைக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்கும் வைத்திருக்கும் பாக்கிக்கும் அதே கெடுதான்.

பதிவு செய்யலாமா வேண்டாமா என்ற கேள்வியில் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு 40 லட்சம். ஜாப் ஒர்க் சேவை என்பதால் 20 லட்சம். 50 லட்சம் வரை 6 விழுக்காடு கட்டும் எளிய திட்டம் இருந்தாலும் அதில் வாங்குபவருக்குக் கிரெடிட் கிடைக்காது. கம்பெனிகள் அத்தகைய பில்லை விரும்புவதில்லை. பதிவு செய்தபின் எல்லாம் தேதிதான். ஜி.எஸ்.டி.ஆர்–1 மாதம் 11-ஆம் தேதிக்குள், காலாண்டு முறையில் இருப்பவர்கள் 13-க்குள் பில் விவரம் ஏற்ற வேண்டும். 14-ஆம் தேதி வாங்குபவரின் ஜி.எஸ்.டி.ஆர்–2பி கிரெடிட் அறிக்கையில் அந்தப் பில் தெரியாவிட்டால், வரித் தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கூலியை அனுப்புவது இன்றைய கம்பெனி நடைமுறை. 2025 ஜூலை முதல், வரி கட்டும் ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்–3பி-யில் தானாக வரும் பொறுப்பைக் கையால் திருத்த முடியாது. பிழையை ஜி.எஸ்.டி.ஆர்–1ஏ-யில்தான் சரிசெய்ய வேண்டும். மூன்று ஆண்டு கடந்த ரிட்டர்னைத் தாக்கல் செய்யவும் இப்போது வழியில்லை. கச்சாப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பிப் போனதற்குச் சலான் காட்ட வேண்டும். அச்சு, டை, ஜிக், ஃபிக்ஸ்சருக்கு அந்தக் கெடு இல்லை. இரும்புச் சீவலுக்கும் தனி விதி வந்துவிட்டது: 2024 அக்டோபர் 10 முதல் பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்றவரே வரி கட்ட வேண்டும்.

லேபர் கான்ட்ராக்டரின் கணக்கு இதைவிடக் கடினம். ஐம்பது ஆளுக்குச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்த்து மாதம் 10 லட்சம். சர்வீஸ் சார்ஜ் 6 விழுக்காடு என்றால் 60,000. ஜி.எஸ்.டி. 60,000-க்கு அல்ல, முழு 10,60,000-க்கு: 1,90,800 ரூபாய். அவருடைய வருமானத்தைப்போல் மூன்று மடங்கு வரியை, ஆளுக்குச் சம்பளம் கொடுத்த கையோடு 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இதற்குமேல் தனிநபர் என்றால் 1 விழுக்காடு டி.டி.எஸ்., 10,600 பிடித்துவிடுவார்கள். ஆண்டு முடிந்து ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பும். ஆள் அனுப்புவது கான்ட்ராக்டா, தொழில்நுட்பச் சேவையா என்ற பழைய தகராறில் சிலருக்கு 10 விழுக்காடு வரை பிடிக்கப்பட்டது. 2026 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை இதைக் கான்ட்ராக்ட் என்றே வகைப்படுத்தி 1 அல்லது 2 விழுக்காடுதான் என்று அறிவித்தது நல்ல திருத்தம்.

வேன் வைத்திருப்பவர்கள் அடிக்கடி தவறும் இடம் 1961 சட்டத்தின் 44ஏஈ பிரிவு. பத்து வண்டிக்குள் வைத்திருப்பவர் கணக்குப் புத்தகமின்றி, கனரகமல்லாத வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் என்று லாபம் காட்டலாம் என்ற அந்தச் சலுகை சரக்கு வண்டிக்கு மட்டுமே. ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் வேனும் பஸ்ஸும் 44ஏடி-யில்தான் வரும்: 2 கோடி வரை, ரொக்கம் 5 விழுக்காட்டுக்குள் என்றால் 3 கோடி வரை, வங்கியில் வந்த வரவில் 6 விழுக்காடு, ரொக்கத்தில் 8 விழுக்காடு லாபம். தனிநபர் ஒருவர் 2 கோடியை வங்கி வழியாகப் பெற்றால் காட்ட வேண்டிய லாபம் 12 லட்சம்; வேறு வருமானம் இல்லையென்றால் புதிய முறையில் வரி பூஜ்யம். அதே தொழிலைக் கூட்டு நிறுவனமாக நடத்தினால் முதல் ரூபாயிலிருந்து 30 விழுக்காடு. பங்குதாரர் சம்பளத்திலும் வட்டியிலும் ஆண்டுக்கு 20,000 தாண்டினால் 2025 ஏப்ரல் முதல் 10 விழுக்காடு பிடித்தம் வேறு. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் சிறு தொழிலைப் பார்ட்னர்ஷிப்பாக வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று மறுபடி யோசிக்க வேண்டிய காலம் இது.

பிடிக்க வேண்டிய வரியைப் பிடிக்காதது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே சான்று உண்டு. 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று 2013-இல் வருமான வரித் துறையின் கோரிக்கைக்கு உள்ளானது. மாநில வாட் வழக்கும் சேர்ந்தது. 2014-இல் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது வழக்கில் சிக்கிய இந்த ஆலை மட்டும் விடுபட்டது. நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. தகராறு தீர்ந்தது 2018-இல். அதற்குள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். டி.டி.எஸ். பிடிக்கக் கடமைப்பட்டவர் பெரிய நிறுவனமானாலும் சிறிய பட்டறையானாலும் விதி ஒன்றே.

ஏற்பாடு என்பது ஜூலையில் தொடங்கும் வேலை இல்லை. 44ஏடி-யில் இருப்பவர்கள் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். மற்றவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணை. தணிக்கை தேவையில்லாத தொழில் ரிட்டர்னுக்கான கெடுவை ஜூலை 31-லிருந்து ஆகஸ்ட் 31-க்குத் தள்ளுவதாக 2026 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. சம்பளக்காரர்களுக்கு ஜூலை 31 மாறவில்லை. தொழில் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒரே வங்கிக் கணக்கில் ஓடுவதை நிறுத்துவதும், ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலவு கொடுப்பதைத் தவிர்ப்பதும், சலான்களை மாதவாரியாகக் கட்டி வைப்பதும் ஆடிட்டர் கட்டணத்தைவிட அதிகம் மிச்சப்படுத்தும். இன்னும் உத்யம் பதிவு செய்யாத பட்டறைக்காரர் முதலில் அதைச் செய்துகொள்ள வேண்டும். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் தாமே பதிந்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.